தண்டவாளம் எங்க ஊர்ல, ரயில் யாருக்கு?

போன மாசம் டீக்கடையில ஒரு மனை விளம்பர நோட்டீஸ் கையில கொடுத்தாங்க. "வேப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. படத்துல இருந்த இடம் எங்க கழனிக்கு நாலு கழனி தள்ளி. பத்து வருஷம் முன்னாடி அதுல நெல்லு விளைஞ்சது. இப்ப கல்லு நட்டு, மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்காங்க.

இதைப் படிக்கிறவங்கள்ல சில பேரு எங்க ஊர்ப் பக்கம் மனை வாங்கியிருப்பீங்க, இல்லாட்டி வாங்கலாமான்னு யோசிச்சிருப்பீங்க. ஸ்டேஷன் பக்கம்னு சொல்லித்தானே வித்தாங்க? அந்த ஸ்டேஷனைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். நான் கீரையும் கத்திரியும் பயிர் பண்றவன். சரித்திரம் படிச்சு பட்டம் வாங்கினவன் இல்லை. ஆனா இந்தத் தண்டவாளத்துக்கு ஓரமாவே அம்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்துட்டேன். இது எப்படி வந்தது, ஏன் இப்படியே இருக்குதுன்னு தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. அதைச் சொல்லிடறேன்.

தென்னிந்தியாவுல பொதுஜனம் ஏறிப் போன முதல் ரயில் பாதை எங்க ஊர் வழியாத்தான் போகுது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் திறந்தாங்க. தூரம் ஏறக்குறைய 65 மைல். திறப்பு விழாவுக்கு அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஹாரிஸ் பிரபு வந்தாரு. கவர்னரும் வெள்ளைக்காரத் துரைமாரும் ஒரு வண்டியில மேற்கே போக, திருவள்ளூர் வரைக்கும் இன்னொரு வண்டி விட்டாங்க. அதாவது பம்பாய்-தானே ரயில் வந்து மூணே வருஷத்துல, எங்க கழனி ஓரமா புகை விட்டுக்கிட்டு வண்டி போயாச்சு. எங்க ஊருக்குக் கரண்டு வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே ரயில் வந்துட்டது.

இதுக்கும் முன்னாடி ஒண்ணு உண்டு. 1837 வாக்குல, ஆர்தர் காட்டன் யோசனைப்படி, செங்குன்றத்துல இருந்து மெட்ராஸுக்கு ரோடு போடற கருங்கல்லைக் கொண்டுபோக ஒரு ரயில் பாதை போட்டாங்க. இந்தியாவுல முதல் ரயில் அதுதான்னு சொல்லுவாங்க. ஆக, சென்னைக்கு மேற்கே ரயில் முதல்ல வந்தது கல்லுக்காக. மனுஷன் அப்புறம்தான்.

1856-ல வந்த பாதையைப் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. லண்டன்ல பங்கு வித்துப் பணம் திரட்டினாங்க. இங்கதான் ஒரு சூட்சுமம். ரயில் ஓடி லாபம் வந்தாலும் வராட்டியும், பங்கு வாங்கினவனுக்கு வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம் வட்டி கண்டிப்பா உண்டுன்னு அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. குறைஞ்சா இந்தியாவுல வசூலாகிற வரிப்பணத்துல இருந்து எடுத்துக் கொடுக்கணும். அந்தக் காலத்துல பெரிய வரி எது? நிலவரி. அது போதாதுன்னு, பாதை போடறதுக்கான நிலத்தையும் அரசாங்கமே இலவசமாக் கொடுத்தது.

நிதானமா யோசிச்சுப் பாருங்க. நிலம் நம்ம பக்கத்து நிலம். வட்டி கட்டினது கழனியில வரி கட்டினவன். வட்டி வாங்கினவன் லண்டன்ல. இதுல நம்மூர் ஆள் எத்தனை மணிக்கு எங்க போகணும்னு யாரு கேட்கப் போறாங்க? பாதையோட நோக்கமே வேற. 1862-க்குள்ள மேற்குக் கடற்கரையில பேப்பூர் வரைக்கும் போயிட்டாங்க. நடுவுல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூருக்கு ஒரு கிளை. 1871-ல அரக்கோணத்துல இருந்து ராய்ச்சூர் போய், பம்பாய்ப் பாதையோட சேர்த்தாங்க. பட்டாளம் போகணும், பருத்தி வரணும், தபால் போகணும். ஒரு கோடியில துறைமுகம், மறுகோடியில தூர தேசம். நடுவுல இருந்த நாங்க வண்டி கடந்து போற இடம், அவ்வளவுதான்.

வருமானம் யாரால வந்ததுன்னு பார்த்தா அது இன்னொரு வேடிக்கை. ரயில்ல ஏறின ஜனத்துல முக்காலே மூணு வீசம் மூணாங் கிளாஸ். டிக்கெட் காசுல பெரும்பங்கு அவங்க கொடுத்தது. வசதியெல்லாம் முதல் வகுப்புக்கு. காந்தி 1917-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. அதுல அவர் சொல்ற பயணம் பம்பாயில இருந்து மெட்ராஸ் வரைக்கும், மூணாங் கிளாஸ்ல. 22 பேர் உட்காரணும்னு எழுதியிருந்த பெட்டியில 35 பேருக்கு மேல அடைஞ்சு வந்தாங்களாம். வழி பூராவும் பெட்டியை ஒரு தடவை கூடப் பெருக்கலையாம். அந்த மெயில் ராய்ச்சூர், அரக்கோணம் வழியாத்தான் மெட்ராஸ் வரும். அதாவது அந்தப் பெட்டி எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருக்குது. காலையில எட்டு மணி யூனிட்ல வேப்பம்பட்டுல ஏறிப் பார்த்தவங்களுக்கு, நூறு வருஷம் முன்னாடி எழுதின அந்தக் கட்டுரை நேத்து எழுதின மாதிரி இருக்கும்.

காந்தி எழுதி மூணு நாலு வருஷத்துல, அக்வொர்த்னு ஒருத்தர் தலைமையில கமிட்டி போட்டாங்க. இந்திய ரயில்வே ஏன் இப்படிக் கிடக்குதுன்னு பார்க்கத்தான் அது. அவங்க 1921-ல கண்டுபிடிச்சது எந்த விவசாயிக்கும் தெரிஞ்ச விஷயம்தான். வருஷா வருஷம் கஜானாவுல மிச்சம் இருக்கிறதைப் பார்த்து ரயில்வேக்குக் கொடுத்தாங்க. மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணலைன்னா பணம் திரும்பப் போயிடும். அஞ்சு வருஷம் ஆகிற வேலைக்கு இப்படிப் பணம் கொடுத்தா எப்படி முடியும்? தென்னைக்குத் தண்ணி விடறவன் இந்த வருஷம் விட்டு, அடுத்த ரெண்டு வருஷம் மறந்து, நாலாவது வருஷம் காய் எங்கேன்னு கேட்டா எப்படி? அந்தக் கமிட்டி சொன்னதாலதான் 1924-ல ரயில்வேக்குன்னு தனி பட்ஜெட் வந்தது. 2017-ல அதை மறுபடியும் பொது பட்ஜெட்டோட சேர்த்துட்டாங்க.

இப்ப எங்க குடும்பக் கதைக்கு வர்றேன். எங்க தாத்தா கீரைக்கட்டையும் கத்திரிக்கா மூட்டையையும் விடியற்காலை வண்டியில ஏத்தி சென்ட்ரல்ல இறக்குவாரு. அங்க இருந்து கொத்தவால்சாவடி கிட்டத்தான். தலைச்சுமையாவே போயிடலாம். அப்பாவும் அப்படித்தான். மழை பெஞ்சா ரோடு போயிடும், வண்டி போகாது. ரயில் போகும். "இந்த இரும்புப் பாதை இல்லைன்னா நம்ம கீரை மாட்டுக்குத்தான்"னு தாத்தா சொல்லுவாரு.

அவர் காலம் பூரா நீராவி வண்டிதான். தாம்பரம் பாதையில 1931-லயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுட்டது. மாம்பலம், சைதாப்பேட்டைன்னு ஊர் அந்தப் பக்கம் வளரணும்னு திட்டம் போட்டுப் பண்ணினாங்க. எங்க பாதையில சென்ட்ரல்-திருவள்ளூர் மின்மயமானது 1979 நவம்பர்ல. தென்னாட்டுக்கே முதல்ல ரயில் வந்த பாதை, அந்தப் பாதையைவிட 48 வருஷம் பின்னாடி. ஊருக்கு மூத்தவனுக்குக் கடைசிப் பந்தியில இலை போட்ட மாதிரி.

இத்தனைக்கும் நடுவுல இந்தப் பக்கம் சும்மா இல்லை. 1955-ல பெரம்பூர்ல இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, அதான் ஐ.சி.எஃப். வந்தது. அறுபதுகள்ல ஆவடியில டாங்க் தொழிற்சாலை, அம்பத்தூர்ல எஸ்டேட். வேலைக்குப் போற ஜனமெல்லாம் இந்தப் பாதையை நம்பித்தான் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைன்னு வந்து குடியேறினாங்க. ஜனம் பெருகின அளவுக்கு வண்டி பெருகலை. பெருகினது எக்ஸ்பிரஸ் வண்டி. பெங்களூரு, மும்பை, கோவை, கேரளா, எல்லாம் இந்த வழி. அதுக்கு வழி விட்டு லோக்கல் வண்டி நிக்கணும்.

2022 நவம்பர்ல மைசூருக்கு வந்தே பாரத் விட்டாங்க. எங்க பாதையில இருபத்தஞ்சு, முப்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற ஐ.சி.எஃப்.ல செஞ்ச பெட்டி அது. இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க கை பட்டுத் தயாரானது. காலையில எங்க பிளாட்பாரத்துல நிக்கிறவன் சட்டை பறக்கிற வேகத்துல தாண்டிப் போகுது. பார்க்க அழகாத்தான் இருக்குது. அது போகட்டும்னு காத்திருக்கிற கூட்டத்துல என் பொண்ணும் நிக்கிறா. காலேஜுக்கு லேட்டானா அவளுக்கு ஆப்சென்ட். "ரயில் லேட்டு"ன்னு தினமும் சொன்னா யாரு நம்புவாங்க?

ரயில் தடம் மட்டும் தப்பினதுன்னு சொல்ல முடியாது. 1996-ல கொத்தவால்சாவடியை மூடி, மார்க்கெட்டைக் கோயம்பேடுக்கு மாத்தினாங்க. நெரிசலுக்கு அது தேவைதான். ஆனா நூறு வருஷத்துக்கு மேல ரயிலோட ஒட்டி இருந்த மார்க்கெட்டை, ரயிலே போகாத இடத்துல கொண்டுபோய் வெச்சாங்க. எங்க பாதையில இருந்து கோயம்பேடுக்கு ஒரு கிளை போடணும்னு யாருக்கும் தோணலை. அன்னையில இருந்து எங்க அப்பா ரயில்ல சரக்கு ஏத்தறதை விட்டாரு. இப்ப நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வாடகைக்குப் பிடிக்கிறோம். கீரை வித்த காசுல வாடகைக்கே ஒரு பங்கு போயிடுது. விலை இறங்கற நாள்ல அறுக்காம விட்டுடறதும் உண்டு. உங்க ஊர்ல ஒரு கட்டு கீரை ஏன் இந்த விலைன்னு கேட்பீங்க. அந்த விலையில எங்க கைக்கு வர்றதைக் கழிச்சுப் பாருங்க, மீதி டீசல்லயும் இடைத்தரகுலயும் கிடக்கும்.

அடுத்தது, காகிதத்துல ஓடற ரயில். ஆவடியில இருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியா கூடுவாஞ்சேரிக்கு ஒரு புதுப் பாதை அறிவிச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்திருந்தா எங்க பசங்க ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு பைக்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போக வேண்டாம். அத்திப்பட்டு-புத்தூர் பாதையும் அப்படி ஒண்ணு, அதுவும் எங்க மாவட்டத்துல தொடங்கறதுதான். இதுமாதிரித் தமிழ்நாட்டுப் பாதைகளுக்குச் சில வருஷ பட்ஜெட்ல ஒதுக்கின தொகை என்ன தெரியுமா? ஆயிரம் ரூபாய். கோடி விட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. வெறும் ஆயிரம். சைபர் போட்டா திட்டத்தையே கைவிட்டதா ஆயிடும், அதனால பேருக்கு ஒரு தொகை போட்டு உயிரோட வெச்சிருக்காங்க. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் கூட வராது.

நியாயமாப் பேசணும்னா ரயில்வே பக்கமும் ஒரு வாதம் இருக்குது. சென்ட்ரலுக்கு 35 கிலோமீட்டர் கிட்ட, டிக்கெட் பத்து ரூபாய். லோக்கல் வண்டி ஓட்டறதுல நஷ்டம்தான். நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநில அரசு, அது தாமதமாகுதுன்னும் சொல்றாங்க. நிலம் கொடுக்க யோசிக்கிறவங்கள்ல எங்களை மாதிரி விவசாயிங்களும் உண்டு, அதை மறைக்கலை. சரியான விலை கொடுக்காம எடுத்தா யாரா இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகத்தான் செய்வாங்க.

ஆனா நஷ்டம்ங்கறதை வேற மாதிரியும் பார்க்கலாம். ஹாங்காங்ல மெட்ரோ நடத்தற நிறுவனம் ஸ்டேஷனைச் சுத்தி இருக்கிற நிலத்துல வீடும் கடையும் கட்டி, அந்த வருமானத்துல ரயிலையும் நடத்துது. ரயில் வர்றதாலதானே நிலத்துக்கு விலை ஏறுது, அந்த ஏத்தத்துல ஒரு பங்கு ரயிலுக்கே போகுது. இங்க "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்"னு போட்டு ஏத்தின விலை பூரா மனை போட்டவன் பைக்கு. ரயிலுக்கு அந்தப் பத்து ரூபாய். மனை வாங்கின உங்களுக்கோ கூட்டம் வழியற வண்டி. இப்ப கோயம்பேடுல இருந்து ஆவடி வழியா மெட்ரோ கொண்டுவர திட்ட அறிக்கை தயாராகியிருக்குது. அது பட்டாபிராமோட முடியுது. நெமிலிச்சேரி, திருநின்றவூர், அடுத்தது நாங்க. எங்களுக்கு மூணு ஸ்டேஷன் முன்னாடியே நின்னுடும்.

கடைசியா, எழுத மனசு வராத ஒண்ணு.

எங்க ஊரை ரயில் பாதை ரெண்டாப் பிரிக்குது. நான் இருக்கிறது ஒரு பக்கம், கழனி மறுபக்கம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைன்னு எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு மறுபக்கம் இருக்குது. மேம்பாலம் கட்டறோம்னு ஆரம்பிச்சாங்க. இந்தமாதிரிப் பாலத்துல தண்டவாளத்துக்கு மேல இருக்கிற பாகம் ரயில்வே வேலை, ரெண்டு பக்கமும் ஏறி இறங்கற பாகம் மாநில நெடுஞ்சாலைத் துறை வேலை. எங்க பாலம் பத்து வருஷத்துக்கு மேல பாதியில நின்னுது. ஏற வழி இல்லை, இறங்க வழி இல்லை.

ஒரு கேட்டுக்குப் பாலம் வேணுமான்னு முடிவு பண்ண ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வண்டி, ரெண்டையும் பெருக்கணும். லட்சத்தைத் தாண்டினா பாலம். அந்தக் கணக்குல காருக்கு ஒண்ணு, மாட்டு வண்டிக்கும் ஒண்ணு, ஆட்டோவுக்கு அரை. நடந்து போற மனுஷனுக்கு அதுல இடம் கிடையாது.

2023 நவம்பர்ல, ஒரு அப்பாவும் அவரோட ரெண்டு பொண்ணுங்களும் வேப்பம்பட்டுல தண்டவாளத்தைக் கடக்கறப்ப எக்ஸ்பிரஸ் அடிச்சுச் செத்துப்போனாங்க. மூணு பேரும் ஒரே இடத்துல. ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. பாலத்தைப் பத்தின பேச்சு அதுக்கப்புறம்தான் மறுபடி எழுந்தது. தண்டவாளத்தைக் கடக்கிறது சட்டப்படி குத்தம். 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 147-ம் பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில், இல்லாட்டி ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். பட்ஜெட்ல ஒரு பாதைக்கு ஒதுக்கின தொகையும் அதே ஆயிரம்தான்னு படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை.

சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலை. நானும் கடந்தவன்தான். கீரைக்கட்டைத் தலையில வெச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் பார்த்து, இருபது வருஷம் கடந்திருக்கேன். நீராவி வண்டி காலத்துல ஒரு மைலுக்கு அந்தப் பக்கமே புகை தெரியும், சத்தம் கேட்கும். இப்ப வர்ற வண்டி பக்கத்துல வந்தப்புறம்தான் காதுக்கு எட்டுது. வண்டி மாறிட்டது, வேகம் மாறிட்டது. நாங்க கடக்கிற வழி மட்டும் 1856-ல இருந்த மாதிரியே இருக்குது.

அந்தச் சாவுக்கு மறுநாள் என் பொண்ணு என்கிட்ட ஒரு சத்தியம் வாங்கினா. "அப்பா, எவ்வளவு நேரமானாலும் சுத்திக்கிட்டே போ. கீரை வாடினா வாடட்டும்"னா. அன்னையில இருந்து சுத்திக்கிட்டுத்தான் போறேன். கழனிக்குப் போக முன்னாடி பத்து நிமிஷம், இப்ப முக்கால் மணி நேரம் போயிட்டு வர. விடிகாலையில மோட்டார் போட லேட்டாகுது, கரண்டு போறதுக்குள்ள தண்ணி பாய்ச்சி முடிக்க முடியறதில்லை.

நாங்க வந்தே பாரத்தை நிறுத்தச் சொல்லலை. தூரம் போறவங்களும் ஜனம்தானே. எங்களுக்கு வேண்டியது மூணே விஷயம். காலையிலயும் சாயங்காலமும் கூடுதலா நாலு வண்டி, சொன்ன நேரத்துக்கு. சரக்கு ஏத்திக்கிட்டுப் போய் மார்க்கெட் பக்கம் இறங்க ஒரு வழி. மனுஷன் செத்துடாம மறுபக்கம் போக ஒரு பாலம். 170 வருஷமா நிலமும் வரியும் கொடுத்த ஊர் கேட்கிறதுதான் இது.

மனை வாங்கறவங்க நோட்டீஸைப் பார்த்துட்டு மட்டும் வராதீங்க. ஒரு நாள் காலையில எட்டு மணிக்கு வந்து பிளாட்பாரத்துல நில்லுங்க. அப்புறம் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் உங்க மனைன்னு கேட்டுக்கிட்டு வாங்குங்க. எங்க பக்கம்னா வாங்க, டீ சாப்பிடலாம். மறுபக்கம்னா, சுத்திக்கிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும், முன்னாடியே சொல்லிட்டேன்.